ஜன்னல் ஏசியின் எழுத்ததிகாரம்

ஏசி எனச் சுருங்க வழங்கும் கருவி குளிருக்கென்றே வாங்கப்படினும், இரவு முழுவதும் அது இடையறாது உண்டாக்குவது ஒலியே என்பதும், குளிர் வாங்கியவரின் அறைக்குள் அடங்கிவிட, ஒலி மட்டும் அண்டை வீட்டார்க்கும் கட்டணமின்றிச் சென்று சேர்கிறது என்பதும் அறிஞர் கவனத்துக்குத் தப்பியே வந்துள்ளன. பொறியியலார் இவ்வொலியை மூவகைப்படுத்துவர்: தாழ்ந்த அதிர்வெண்ணில் எழுவது உறுமல், இடைப்பட்டதில் எழுவது இரைச்சல், உயர்ந்ததில் எழுவது சீறல். அதிர்வெண்ணாவது, காற்று நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்னும் கணக்கு. அதன் அலகு ஹெர்ட்ஸ். மெய்யெழுத்தையே வலி, மெலி, இடை என மூன்றாக வகுத்துப் பழகிய தமிழர்க்கு இப்பாகுபாட்டில் புதுமை ஏதுமில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஜன்னல் ஏசியின் அடிநாதமான உறுமல் மெல்லினம். இந்திய மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. ஒவ்வொரு சுழற்சியிலும் மோட்டாரின் இரும்பு இருமுறை இழுபடுவதால் 100 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் பிறக்க, கம்ப்ரசர் தன் பங்குக்கு நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குச் சற்றே குறைவாகச் சுழன்று 50 ஹெர்ட்ஸுக்கு அருகில் இன்னொன்றைச் சேர்க்கிறது. இரண்டும் கலந்து காதில் விழுவது ‘ங்ங்ங்’ என்பதே. ககரத்தின் கையைப் பிடித்துக்கொண்டல்லாது பெரும்பாலும் வெளியே தலைகாட்டாத ஙகர ஒற்று, துணையின்றித் தனித்து வாழக் கற்றுக்கொண்ட இடம் இதுவாகலாம். மெய்க்கு மாத்திரை அரை. ஒரு மாத்திரை கண்ணிமைக்கும் நேரம். ஏசியோ அந்த ஒற்றை எட்டு மணி நேரம் நீட்டுகிறது. எனினும், நன்னூல் ஒற்றளபெடைக்கு உரிமை தந்த எழுத்துகளுள் ஙகரமும் ஒன்றாகையால் இதில் வழு இல்லை. ரகரத்துக்கு அவ்வுரிமை கிடையாது. ஆகவே ‘கிர்ர்ர்’ என்று நீட்டும் ஏசி இலக்கணப்படி குற்றமுடையது. பேரிங் தேய்ந்திருக்கும், அல்லது விசிறியின் இதழ் எதிலோ உரசிக்கொண்டிருக்கும். நன்னூலாசிரியர் பவணந்தியாரும் மெக்கானிக்கும் ஒரே முடிவுக்கு வந்து சேரும் இவ்விடம் தனி நூலுக்கே உரியது.

மெக்கானிக்கின் புலமையைத் தொலைபேசியில் காண்க. “தம்பி, ஏசி சத்தம் போடுதுப்பா” என்று அம்மையார் தொடங்கியதும் மெக்கானிக் கேட்கும் முதற்கேள்வி, “கொர்ருனு வருதாம்மா, கடகடனு வருதாம்மா?” என்பது. அம்மையார் ரிசீவரைக் கருவியின் அருகே கொண்டுபோக மாட்டார். தாமே ஒலித்துக் காட்டுவார். ‘கடகட’ என்னும் இரட்டைக்கிளவி அவர் வாயிலிருந்து வந்த மறுநொடியே, “ஜன்னல் சட்டம் ஆடுதும்மா, காலண்டர் அட்டையை மடிச்சுச் செருகுங்க” என்று சிகிச்சை வந்துவிடும். இவ்வாட்டத்தைப் பொறியியலார் ஒத்ததிர்வு என்பர். ஒவ்வொரு பொருளுக்கும் தான் இயல்பாக அதிர விரும்பும் ஓர் அதிர்வெண் உண்டு. கம்ப்ரசரின் அதிர்வு அதற்கு இணையாக வாய்த்துவிட்டால் சட்டமும் கண்ணாடியும் பீரோவின் கைப்பிடியும் கூடவே ஆடத் தொடங்கும். செருகிய அட்டை அந்த இயல்பதிர்வை மாற்றிவிடுகிறது. நாள் கிழித்து முடிந்த காலண்டர் இவ்வாறு அறிவியலுக்குத் தொண்டாற்றுகிறது.

இரைச்சல் காற்றினுடையது, ‘வ்வ்வ்’ எனும் இடையினம். விசிறி நொடிக்குச் சுற்றும் சுற்றுகளை இதழ்களின் எண்ணிக்கையால் பெருக்க வருவது இதழ்க்கடப்பு அதிர்வெண். நிமிடத்துக்கு 900 சுற்றும் 5 இதழும் எனில் 75 ஹெர்ட்ஸ். சீறல், குளிர்பதனப் பொருள் நுண்குழாயைக் கடந்து விரிகையில் எழும் ‘ஸ்ஸ்ஸ்’. இதற்குத் தமிழ் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. கிரந்தத்திடம் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. கருவியே கடனில் வந்ததாயின் பொருத்தம் முற்றுப்பெறும்.

இனி அளவு. ஒலியை அளக்கும் டெசிபல், தொலைபேசிப் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரைத் தாங்கியது. மடக்கைக் கணக்கில் நடப்பது. 50 டெசிபல் ஏசி இரண்டைச் சேர்த்தால் 100 வாராது, 53 தான் வரும். பத்தைச் சேர்த்து 60 ஆக்கினாலும் காதுக்கு ஏறத்தாழ இருமடங்காகவே தோன்றும். வீட்டுக் கணக்கு எதற்கும் ஒத்துவராத கூட்டல் இது. அன்றியும் ஒலித்திறன் வேறு, ஒலியழுத்தம் வேறு: முன்னது கருவி நொடிக்கு வெளியிடும் மொத்த ஆற்றல், பல்பின் வாட் போன்றது, பின்னது கேட்பவர் காதருகே உள்ளது, புத்தகத்தில் விழும் வெளிச்சம் போன்றது. எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று கூறாத ஒலியழுத்தம், எந்த ஊரிலிருந்து என்று கூறாத ‘பத்துக் கிலோமீட்டர்’.

திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். படுக்கையறை திறந்தவெளியன்று, சுவர்கள் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பும். கருவி நின்றபின் ஒலி 60 டெசிபல் தணிய ஆகும் நேரம் எதிர்முழக்க நேரம் எனப்படும். 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை மண்டபத்தின் முழக்கத்தைத் தணிக்கப் பணிக்கப்பட்ட வாலஸ் சபைன், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை நள்ளிரவில் சுமந்து வந்து அடுக்கி அளந்து, விடியுமுன் திருப்பி வைத்தார். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்காக மெத்தைகள் அடுக்கப்பட்ட அறையில் ஏசி அடக்கமாகப் பேசுவதன் விளக்கம், மெத்தை ஒலியை உறிஞ்சும் என்னும் இதுவே.

ஒலியளக்கும் மீட்டரில் ‘ஏ’ எடை என்றொரு சலுகையும் உண்டு. மனிதக் காது தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமாகையால், மீட்டரும் 100 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபலைத் தள்ளுபடி செய்கிறது. குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என 2000-ஆம் ஆண்டின் இந்திய ஒலி மாசு விதிகள் கூறுவதும் இந்த எடையிட்ட கணக்கே. பீரோவை ஆட்டும் உறுமல் ஆடித் தள்ளுபடியில் நுழைந்து வெளியேறிவிடுகிறது. இக்குறையறிந்தே ஒலியியலறிஞர் லியோ பெரானெக் 1957-இல் ஒவ்வோர் அதிர்வெண் பட்டைக்கும் தனித்தனி வரம்பு காட்டும் வளைகோடுகளை வகுத்தார்.

எஞ்சியது மறைப்பு, ஓரொலி இருக்கையில் மற்றொன்று கேளாது போதல். ஏசியின் ‘வ்வ்வ்’ தெருநாயையும் குழாய்ச் சொட்டையும் அடுத்த கட்டிலின் குறட்டையையும் மூடிக் காக்கிறது. மின்சாரம் போன கணத்தில் இவை யாவும் ஒருங்கே பிறக்க, இரைச்சலில் உறங்கியோர் அமைதியில் விழித்தெழுவர். மின்சாரம் மீண்டதும் ஸ்டெபிலைசர் கம்ப்ரசரின் நலன் கருதி மூன்று நிமிடம் காத்திருக்கும். அதுகாறும் வீட்டார் அனைவரும் இருட்டில் கண்மூடாது கிடந்து எதிர்நோக்குவது ‘டொக்’ என்னும் ஒரேயொரு வல்லின ஓசையை.