டாவியலுக்கு ஒரு முன்னுரை

ழகரத்துக்கு மேடைப் பேச்சு உண்டு. ஆய்த எழுத்துக்கு ஆய்வேடு உண்டு. நாள் முழுக்க நம் வாயில் புரளும் ‘டா’வுக்கு மட்டும் பல்கலைக்கழகத்தில் ஓர் இருக்கை கிடையாது, கருத்தரங்கு கிடையாது, மதிய உணவுடன் கூடிய ஒருநாள் பயிலரங்குகூடக் கிடையாது. இக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. எழ வேண்டாம் என்று சொன்னவர்களும் ‘வேணாம்டா’ என்றே சொன்னார்கள் என்பதை முதற்கட்டச் சான்றாகக் கொள்க.

முதலில் டாவின் குடியுரிமைச் சிக்கல். சொல்லின் முதலில் வரத் தகுந்த எழுத்துகளைத் தொல்காப்பியர் வகுத்தபோது டகரத்தைச் சேர்க்கவே இல்லை. ஆக, இலக்கணப்படி ‘டா’ என்றொரு சொல் தனித்துப் பிறக்கவே முடியாது. அதனால்தான் அது எப்போதும் இன்னொரு சொல்லைப் பிடித்துக்கொண்டே நடமாடுகிறது: வாடா, போடா, சரிடா, ஓகேடா. ‘அடா’வின் தலை தேய்ந்து மிஞ்சியதே இந்த டா. மலையாளிகள் ‘எடா’ என்று தலையை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நெல்லைச் சீமையினர் இந்த வம்பே வேண்டாம் என்று ‘லே’ போட்டுக்கொண்டார்கள். அவர்கள் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள். ‘என்னலே இது அநியாயம்’ என்று அவர்கள் கேட்பது காதில் விழுகிறது.

லகர, ரகரங்களின் பின்னால் டா தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும். ‘சொல்லுடா’ வேகத்தில் ‘சொல்றா’ ஆகிறது. ‘பாருடா’, ‘பார்றா’ ஆகிறது. தெலுங்கர்களின் ‘ரா’ இப்படித்தான் எல்லை தாண்டிப் போனது என்று ஒரு கோட்பாட்டை இங்கே நிறுவியிருப்பேன். ஹைதராபாத்தில் எனக்கு உறவினர்கள் இருக்கிறார்கள்.

டாவின் ஒருமை பன்மை இன்னும் நுட்பமானது. ஒருவரை மரியாதையாக ‘வாங்க’ என்று அழைக்கலாம். ஒருவரை உரிமையாக ‘வாடா’ என்றும் அழைக்கலாம். ‘வாங்கடா’ என்று காதில் விழுந்தால் வாசலில் குறைந்தது இரண்டு பேர் நிற்கிறார்கள். ‘ங்க’வின் மரியாதையை டா பறித்துவிடுகிறது, மிஞ்சுவது வெறும் தலைக்கணக்கு. வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியர் ‘ஏன்டா கத்துறீங்க?’ என்பதில் இலக்கணப் பிழை எதுவுமில்லை. நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே டா, சமமாகப் பங்கிடப்படுகிறது.

இலக்கியச் சான்று இல்லாத ஆய்வை நம்மவர் மதிப்பதில்லை. தனிப்பாடல் மரபில் ஔவைக்கும் கம்பருக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் சண்டையை எடுத்துக்கொள்வோம். கம்பர், ஒற்றைக் காலில் நாலு இலைப் பந்தல் போட்ட ஒன்று எது என்று ஆரைக்கீரையை விடுகதையாக்கி, வரிக்குள் ‘அடி’யைச் செருகி ஔவையைச் சீண்டினாராம். காதில் புகை வந்த ஔவை, கம்பரை அவலட்சணம், எருமை, கழுதை, குட்டிச்சுவர், குரங்கு என்று வரிசையாக, அதுவும் ஒவ்வொன்றையும் விடுகதையாக்கி விளித்துவிட்டு, ‘ஆரை’ என்ற சொல்லோடு ‘அடா’வைச் சேர்த்து முடித்தார். கீரைக்கு விடையும் ஆயிற்று, ‘யாரைப் பார்த்துச் சொன்னாய்’ என்ற கேள்வியும் ஆயிற்று. கம்பர் காலம் வேறு, ஔவை காலம் வேறு என்று வரலாற்றாசிரியர்கள் முணுமுணுப்பார்கள். ஒரு டிக்குப் பதில் ஐந்து வசையும் ஒரு டாவும் என்ற கூலி விகிதம் இங்கே பதிவாகியிருக்கிறது. டாவியலுக்கு அது போதும்.

இனி உலகத்துக்குப் போவோம். போகுமுன் முறையியல் பற்றி ஒரு வார்த்தை. நாக்கின் நுனி பல்லைத் தொடுகிறதா, அண்ணத்தைத் தொடுகிறதா என்ற வேறுபாட்டை இக்கட்டுரை வேண்டுமென்றே கண்டுகொள்ளவில்லை. தமிழ்க் காதில் டாவாகவோ தாவாகவோ விழுவதெல்லாம் டா. இந்த அளவுக்காவது கண்ணை மூடிக்கொள்ளாமல் இத்துறையில் யாரும் முனைவர் ஆனதில்லை.

ரஷ்யர்களுக்கு டா என்றால் ‘ஆம்’. தொலைபேசியை எடுத்ததும் மறுமுனையில் யார் என்று தெரியுமுன்பே ‘டா’ என்பார்கள். நம் ஊரில் எண்ணைப் பார்த்து, மேலதிகாரி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின்பே அந்தத் துணிவு வரும். ருமேனியர்களுக்கும் பல்கேரியர்களுக்கும் டா ‘ஆம்’தான். பல்கேரியர்கள் ‘ஆம்’ என்பதற்குத் தலையை இடவலமாக ஆட்டுவார்கள். வெளிநாட்டுப் பயணிகள் குழம்பிப்போவார்கள். தமிழர்கள் மட்டும் ஊருக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். வேல்ஸ் நாட்டில் டா என்றால் ‘நல்ல’. அங்கே காலை வணக்கம் ‘போரே டா’, இரவு வணக்கம் ‘நோஸ் டா’. அயர்லாந்தில் அப்பாவையே பேச்சுவழக்கில் ‘டா’ என்பார்கள். ‘டா’ என்ற பெயரில் ஹியூ லியோனார்ட் எழுதிய நாடகம் 1978-இல் அமெரிக்காவின் டோனி விருதே வாங்கியது. நம் வீடுகளில் அப்பாவை அப்படிக் கூப்பிட்டவனுக்கு வேறு வகையான பரிசு கிடைத்திருக்கும்.

ஜெர்மனியில் டா என்றால் ‘அங்கே’, ‘இங்கே’, சில வேளை ‘ஏனென்றால்’. ஹைடெக்கர் 1927-இல் வெளியிட்ட ‘இருத்தலும் காலமும்’ நூலில் மனித இருப்புக்கே ‘டாஸைன்’ என்று பெயரிட்டு, பிறகு அதைக் கவனமாக இரண்டாக உடைத்து, டா-ஸைன் என்று நடுவில் கோடும் போட்டார். டாவாக இருத்தல். திருவல்லிக்கேணி மேன்ஷன் வாசலில் சாயங்காலம் நாலு பேர் நிற்பதைப் பார்த்திருந்தால் அவர் அந்த நூலைப் பாதிப் பக்கங்களில் முடித்திருப்பார்.

சீனத்தில் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து ஒரு டா ‘பெரிய’, ஒரு டா ‘அடி’, ஒரு டா ‘விடை சொல்’. அவர்கள் தொலைபேசியில் அழைப்பதையும் அடிப்பதாகவே சொல்கிறார்கள். நாமும் ‘போன் அடிச்சேன்’ என்கிறோம். தொடர்பு இருக்கிறதா என்றால் இல்லை. இருந்தாலும் குறித்துவைத்தேன்.

தமிழுக்கும் கொரிய மொழிக்கும் உறவு என்று சொல்வோர் எப்போதும் உண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொரிய இலக்கணத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு ஒரு நூல் எழுதிவிட்டார். அந்த மரபில் என் சிறு பங்களிப்பு: கொரிய அகராதியில் வினைச்சொற்கள் எல்லாமே டாவில் முடிகின்றன. போவது ‘காடா’, வருவது ‘ஓடா’, பார்ப்பது ‘போடா’. அகராதியைப் பிரித்தால் அட்டை முதல் அட்டை வரை நம்மை டா போட்டே பேசுகிறது. மரியாதை கூட்டினால் மாறும் என்று பார்த்தால், மிகப் பணிவாக நன்றி சொல்லும் ‘கம்சாஹம்னிடா’வும் அதிலேயே போய் முடிகிறது. அந்நாட்டு அதிபருக்கு நன்றி சொல்வதானாலும் கடைசியில் டாதான்.

இதுவரை சொன்னவை எல்லாம் வேடிக்கைப் பொருத்தங்கள். டாவியல் சூடு பிடிப்பது ஜப்பானில். அங்கே வாக்கியக் கடைசியில் வரும் ‘டா’வுக்கு ‘ஆகும், இருக்கிறது’ என்பது பொருள். ஆனால் அதை நண்பனிடமும் வீட்டிலும்தான் சொல்லலாம். அலுவலகத்தில் மேலாளரிடம் ‘தெஸ்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். நாம் யார் யாரிடம் டாவை விழுங்குகிறோமோ, ஜப்பானியர்களும் கிட்டத்தட்ட அவர்களிடமே தங்கள் டாவை விழுங்குகிறார்கள்.

வங்காளத்தில் நிலைமை தலைகீழ். அங்கே பெயரின் பின்னால் வரும் ‘தா’, அண்ணன் என்று பொருள்படும் ‘தாதா’வின் சுருக்கம். சத்யஜித் ராய் 1965-இல் படைத்த துப்பறிவாளர் பெலுதா, பெலு அண்ணன். ராயையே நெருங்கியவர்கள் மாணிக்தா என்றுதான் அழைத்தார்கள். கொல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போகும் தமிழ் எழுத்தரை எண்ணிப் பாருங்கள். தலைமை அதிகாரியின் பெயர் தபன். முதல் நாளே அலுவலகம் முழுவதும் அவரைத் ‘தபன்தா’ என்கிறது. இவர் இரண்டு நாள் ‘சார்’ என்றே தள்ளுகிறார். மூன்றாம் நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்து, ஊரில் எந்த மேலதிகாரியிடமும் சொல்ல முடியாமல் தேக்கி வைத்த அத்தனையையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாக ஒரு ‘தபன்தா’ போடுகிறார். அதிகாரி புன்னகைத்து விடுப்பில் கையெழுத்திடுகிறார். தமிழனுக்கு அரசாங்கம் தரும் சலுகைகளில் இதற்கு இணையாக வேறொன்றை நான் கண்டதில்லை.

ஆனால் டாவியலின் காசி பாஸ்க் நாடு. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே மலையோரத்தில், உலகின் எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாமல் தனியே நிற்கும் மொழி பாஸ்க். அதில் ‘டா’ என்றால் ‘அவர் இருக்கிறார், அது இருக்கிறது’. சொந்தச் சரக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது. நெருங்கிய தோழன் ஒருவனிடம் அதே செய்தியைச் சொன்னால் டா ‘டுக்’ ஆகிவிடும். தோழியிடம் சொன்னால் ‘டுன்’ ஆகிவிடும். செய்தி மூன்றாம் மனிதரைப் பற்றியது; ஆனால் கேட்பவர் ஆணா பெண்ணா, தோளில் கை போடும் நெருக்கமா என்பதை வினைச்சொல்லே காட்டிக்கொடுக்கிறது. ‘அவர் வந்துட்டார்டா’, ‘அவர் வந்துட்டார்டி’ என்ற நம் ஏற்பாடுதான் இது. வந்தவருக்கு ‘ஆர்’, கேட்பவனுக்கு டா. இரண்டும் ஒரே சொல்லில், ஒன்றையொன்று இடிக்காமல் உட்கார்ந்திருக்கின்றன. மொழியியலில் இதற்கு ஒரு கரடுமுரடான பெயர் உண்டு. பேருந்து நிலையத்தில் பெயரில்லாமலே நன்றாக நடக்கிறது.

அப்படி ஒரு நிலையத்தையொட்டிய டீக்கடையில் கேட்ட உரையாடல் இது. இருவருக்கும் இருபத்தைந்து வயதுக்குள்.

‘டேய்.’

‘என்னடா?’

‘ஒண்ணும் இல்லடா.’

‘சொல்றா.’

‘பத்திரிகை அனுப்பிட்டாடா.’

‘அடப்பாவி. சரி விட்றா. டீ சொல்லு.’

இதிலிருந்து டாவையும் அதன் உறவினர்களையும் நீக்கிப் பார்த்தால் வெறும் தகவல் பரிமாற்றம் மிஞ்சும். வங்கிக் கிளையில் நடந்ததுபோல் இருக்கும். முதல் டேய் ஒரு விண்ணப்பம். இரண்டாவது டா அதைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. மூன்றாவதில் குரல் உடைகிறது. ஐந்தாம் வரியில் அவள் யார், என்ன பத்திரிகை என்று எதுவும் சொல்லப்படவில்லை. டா போட்டுப் பேசுகிறவர்களுக்கு எழுவாய் தேவைப்படுவதில்லை.

ஒரே அசையைச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொள்ள விடுவது பழைய வித்தை. பிருகதாரண்யக உபநிடதத்தில் பிரஜாபதி ‘த’ என்று மட்டும் சொல்கிறார். தேவர்கள் ‘அடக்கம் கொள்’ என்றும், மனிதர்கள் ‘கொடு’ என்றும், அசுரர்கள் ‘இரக்கம் காட்டு’ என்றும் புரிந்துகொண்டு போகிறார்கள். மூவருக்கும் அவர் ‘சரி’ போட்டுவிட்டார். 1922-இல் எலியட் அதைத் தன் நெடுங்கவிதையின் கடைசிப் பகுதியில் இடியோசையாக வைத்தார். 1916-இல் சூரிச்சில் ஒரு கேளிக்கை விடுதியில் கூடிய கலைஞர்கள் தங்கள் இயக்கத்துக்கு ‘டாடா’ என்று பெயர் வைத்தபோது, ருமேனியனில் அது ‘ஆம் ஆம்’, பிரெஞ்சில் குழந்தையின் ஆட்டக்குதிரை என்று விளக்கம் சொன்னார்கள். சுவாஹிலியில் அது அக்கா என்றும், இந்தியில் அப்பாவின் அப்பா என்றும், மும்பையில் மாமூல் வசூலிப்பவர் என்றும் தெரிந்திருந்தால் இன்னும் குஷியாகியிருப்பார்கள்.

கொடுப்பது என்றதும் தமிழ் ஆர்வலர் ஒருவர் கையைத் தூக்குவார்: லத்தீனில் ‘டா’, சமஸ்கிருதத்தில் ‘தா’, தமிழிலும் ‘தா’, மூன்றுக்கும் கொடு என்றே பொருள், அப்படியானால் எல்லாம் நம்மிடமிருந்து போனதுதானே? லத்தீனும் சமஸ்கிருதமும் ஒரு குடும்பம், தமிழ் வேறு குடும்பம், இது தற்செயல். கையைக் கீழே போடலாம். ஆனால் அவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. ஈ, தா, கொடு என்று மூன்று சொற்களைத் தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ஈ, உயர்ந்தவன் கேட்டால் கொடு, ஒத்தவன் ஒத்தவனிடம் கேட்டால் தா. டாவுக்கும் தாவுக்கும் வேர் வேறு என்றாலும் வேலை ஒன்று. இரண்டும் சமமானவர்களின் சொத்து.

சமம் குலைந்தால் டா வசையாகும். வயதில் மூத்த தொழிலாளியைச் சாதியும் பணமும் பார்த்து டா போட்டு அழைத்த கொடுமையை இந்நாடு நீண்டகாலம் பார்த்தது. அந்த டாவுக்கு இக்கட்டுரையில் நகைச்சுவை இல்லை. அதே அசையை 2016-இல் ‘கபாலி’ படத்தில் நாயகன் தன் பெயரோடு சேர்த்து நிமிர்ந்து சொன்னபோது திரையரங்குகள் அதிர்ந்ததன் காரணமும் அதில்தான் இருக்கிறது.

இப்போது டா பால் வேற்றுமையையும் கடந்துவிட்டது. அப்பாக்கள் மகள்களை ‘என்னடா தங்கம்’ என்கிறார்கள். கல்லூரிப் பெண்கள் ஒருவருக்கொருவர் ‘சாரிடா’ அனுப்பிக்கொள்கிறார்கள். கணவனை டா போடும் மனைவியர் பெருகிவிட்டார்கள். மாமியார் வந்திருக்கும் நாட்களில் மட்டும் ‘என்னங்க’வுக்கு மாறுகிறார்கள், ஜப்பானிய அலுவலக ஊழியரைப் போலவே.

டாவுக்கு உண்மையான சோதனை சம்பந்தம் செய்துகொள்ளும்போது வருகிறது. பால்ய நண்பர்கள் இருவர். ஒருவர் மகனுக்கு மற்றவர் மகள். நிச்சயதார்த்தத் தட்டு மாறிய கணத்திலிருந்து ஐம்பது வருட டா ரத்தாகி ‘வாங்க சம்பந்தி, உட்காருங்க சம்பந்தி’ ஆரம்பமாகிறது. வேட்டி விறைப்பாக, முகம் அதைவிட விறைப்பாக, இருவரும் மேடையருகே நின்று கும்பிடுகிறார்கள். அப்படி ஒரு முகூர்த்த நாளில் மண்டபத்தின் பின்கட்டில், சமையலறைக்கும் கை கழுவும் இடத்துக்கும் நடுவே, இந்த ஆய்வாளன் தற்செயலாக நின்றிருந்தபோது பதிவானது:

‘டேய், மூணாம் பந்திக்கு மோர்க்குழம்பு இல்லையாம்டா.’

‘நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன்டா. மரியாதையாப் பேசுடா.’