கோட்டை மானும் குடியுரிமையும்

கேள்வி: எனக்கு வயது 61, கையில் கனடாப் பாஸ்போர்ட். பிறந்த ஊரான திருகோணமலையில், உட்துறைமுக வீதிப் பக்கம் கடைசிக்காலத்தைக் கழிக்க ஆசை. எந்த விசா நல்லது? - வாசகி, ஸ்காபரோ

பதில்: உங்கள் ஊர்ப் பிரெட்ரிக் கோட்டை மான்கள் விசா இல்லாமலே காலாற நடந்து, கோணேசரைக் கும்பிட வருபவர்களின் பையையும் முகர்ந்து பார்க்கின்றன. உங்களுக்கு அந்த வசதி இல்லை அம்மா.

55 வயது தாண்டிய வெளிநாட்டவருக்கு ‘மை ட்ரீம் ஹோம்’ என்றொரு விசா உண்டு. இலங்கை வங்கியொன்றில் 15,000 டொலர் வைப்பு, மாதாமாதம் வெளியிலிருந்து 1,500 டொலர், கூட வரும் கணவருக்கு இன்னொரு 750. இரண்டு வருடத்துக்கொருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பெயரென்னவோ கனவு வீடு; ஆனால் 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. தொடர்மாடி வீடு வாங்கலாம். முற்றத்தில் முருங்கை நட ஆசைப்படுகிறவருக்கு அது எதற்கு?

நீங்கள் இலங்கைக் குடியுரிமையோடு பிறந்தவர். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். 55 வயதைக் கடந்ததே அதற்கு ஒரு தகுதி! காணிச் சட்டம் உங்களைத் தடுக்காது, டொலர் கணக்கும் காட்டவேண்டாம். பழைய பெட்டிக்குள் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு, கட்டண விவரத்தைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கேளுங்கள்.

ஒரேயொரு குறை. 2022 இல் வந்த 21 ஆவது திருத்தத்தின்படி இரட்டைக் குடியுரிமைக்காரர் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. ஓய்வெடுக்கத்தானே வருகிறீர்கள்?