கமெராக்காரத் தம்பிக்கு

வாரும் தம்பி, இப்பிடி நிழலிலை இரும். எங்கட மன்னார்ப் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பிடிச்சாச்சு, றோட்டிலை நிண்ட கழுதையை அஞ்சு நிமிசம் கமெரா அசையாமல் பிடிச்சாச்சு எண்டு கேள்வி. நல்லது. வெளிநாட்டு விழாவுக்குக் கழுதை கட்டாயம் வேணும்.

ஆனால் உம்மட படத்திலை கதாநாயகன் மீன்வாடி வாசலிலை நிண்டு இந்திய ரோலர், கடற்படை, காற்றாலை எல்லாத்தையும் பத்து நிமிசம் விளக்கிறாராமே? ஆருக்கு ராசா விளக்கம்? வலையைப் பறிகுடுத்தவன் நான். கிழிஞ்ச வலையை ஒருக்கால் கிட்டக் காட்டும், மிச்சத்தை நான் சொல்லுவன்.

"அரசியல் இல்லாமல் கலை ஏது ஐயா" எண்டு முறைக்கிறீர். ஆர் இல்லையெண்டது? எங்கட கூத்திலை விடியவிடியப் பிரசங்கம்தான். ஆனாலும் மாதோட்டப்பாங்கிலை அண்ணாவியார் புனிதரைப் பாட விட்ட மாதிரியே, வேதக்காரரை வதைச்ச ராசாவையும் கம்பீரமாய்ப் பாட விட்டார். சிலவேளை ராசாவின்ரை பாட்டுத்தான் திறம். சனம் நித்திரை முழிச்சதே அதுக்குத்தான். உம்மட படத்துச் சம்மாட்டியோ வரேக்கையே மீசையை முறுக்கிறார், ஒரு நல்ல வசனமும் அவருக்கு இல்லை.

தர்மசேன பத்திராஜ 1978இலை 'பம்பரு எவித்' எண்டு ஒரு சிங்களப் படம் எடுத்தார். குடாவுக்கு அங்காலை, கற்பிட்டிப் பக்கம். பட்டணத்து முதலாளிப் பெடியன் மீன்பிடிக் கிராமத்துக்கு வந்து ஊர்ப்பெட்டையிலை மனம் வைக்க, ஊர் கொதிக்குது. அவனோடை வந்த ஒருத்தன் வர்க்கப் போராட்டம் எண்டு முழங்குவான், கேக்க ஆளில்லை. பத்திராஜ தானே இடதுசாரி, பாரும். தன்ரை பக்கத்துப் பேச்சையே வெறுவெளியிலை நிப்பாட்டி நக்கலடிக்கத் துணிஞ்சவர். அந்தத் துணிவு உமக்கு இருக்கே?

அதுக்கு முதல் வருசம் அதே மனுசன் தமிழிலை 'பொன்மணி' எடுத்தவர். காவலூர் இராசதுரையின்ரை எழுத்து, யாழ்ப்பாணத்துச் சாதியும் சீதனமும் கதை. சத்தம் போடாத படம். ஓடேல்லை. அந்தப் பழியை எங்கட தலையிலைதான் போடவேணும். எம்.ஜி.ஆர். வாளோடை நிண்டு புத்தி சொன்னால் விசிலடிச்ச கூட்டமல்லோ நாங்கள். பிரசங்கம் எங்களுக்குப் புளிக்கேல்லை தம்பி, சண்டையில்லாத பிரசங்கம்தான் புளிச்சது. விமர்சகர்மார் இதை எழுதமாட்டினம்.

அந்தப் பத்து நிமிசத்தை வெட்டும். சம்மாட்டிக்கு ஒரு நியாயம் எழுதும், கேக்கிறவன் ஒருகணம் தடுமாறவேணும். கொழும்பிலை காட்ட முதல் பேசாலையிலை திரை கட்டும். டிக்கற் காசு தாறன், எழும்பிப் போனால் திருப்பிக் கேப்பன்.