விதைக்கு மார்க் போட வந்த தாயி

வா தாயி, திண்ணையில உக்காரு. அந்த டேப்லெட்டை மட்டும் வெயில்ல வச்சிராத. உனக்கு முன்னால வந்தவருக்கு அது சூடாகி நின்னுபோச்சு. பாதிக் கேள்வியோட கிளம்பிட்டாரு. மீதிப் பாதிக்கு அவரு என்ன எழுதிக்கிட்டாருன்னு எங்க ஊர் முனியசாமிக்குத்தான் வெளிச்சம்.

வறட்சி தாங்குற நெல்லு குடுத்தோமே, அதனால சின்ன விவசாயிக்கு என்ன பலன்னு கண்டுபிடிக்க வந்திருக்க. நல்ல காரியம். வேலை வெரசா முடியணுமா, ஒழுங்கா முடியணுமா? வெரசான்னா நானே வழி சொல்றேன். முதுகுளத்தூர் ரோட்டோரத்துல செயல்விளக்கத் திடல்னு போர்டு நட்டிருக்கு பாரு, அந்த வயக்காரரைப் போயிப் பாரு. அவருக்கு போர் இருக்கு, டிராக்டர் இருக்கு. டெப்போவுல விதை எறங்குறதுக்கு முன்னாலயே அவருக்குப் போன் வந்துரும். வறட்சி தாங்குற அந்த நெல்லை அவரு மோட்டார் போட்டுத் தண்ணி பாய்ச்சித்தான் காப்பாத்துனாரு. அதை நீ கேட்டுத் தொலைக்காத, கணக்கு கெட்டுப்போகும். அவரு மகசூலை எழுதிக்கிட்டு, விதை வாங்காத என் பங்காளி நெலத்துக்கு வா. அவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயி வருஷக்கணக்காச்சு, நெலம் பூராவும் சீமைக்கருவேலம். இதுல இருந்து அதைக் கழிச்சா வர்றதெல்லாம் விதையோட மகிமை. போட்டோவும் அம்சமா விழும்.

சிரிக்காத. இப்படித்தான் ஒரு ரிப்போர்ட்டு வழவழ தாள்ல அச்சாகி வந்துச்சு. என் படம்கூட அதுல இருக்கு. கையில கதிர் குடுத்து நிக்க வச்சாங்க. கதிர் மட்டும் பக்கத்து வயலுது.

அடுத்து எத்தனை மூட்டைன்னு கேப்ப. எதுக்குக் கேக்குறேன்னு முதல்ல சொல்லிரு, அப்பறம் எத்தனைன்னு நான் சொல்றேன். காப்பீட்டுக்காரன் கேட்டா, ஐயா எல்லாம் சாவி, மாட்டுக்குக்கூட ஆகலை. விதைத் திட்டத்துக்காரங்க கேட்டா, வீடு கொள்ளலை. சம்பந்தி வீட்டுல கேட்டா, ஏதோ கடவுள் புண்ணியத்துல ஓடுது. மூணும் ஒரே வயல்தான் தாயி. உனக்கு நெஜம் வேணும்னா வாயைக் கேக்காத, அறுப்பு அன்னைக்கு வந்து நில்லு. காப்பீட்டுக்கு அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போடுறாங்கல்ல, அந்த மாதிரி. அதுலயும் வயலுக்குள்ள எந்த மூலையில கயித்தைக் கட்டணும்னு எங்க ஊருல ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லுவாங்க. அதைக் காதுல வாங்காத.

சரி, அந்தக் கேள்வித்தாள்ல மழைக்கு ஒரு கட்டம் இருக்கா? இல்லையா? சரிதான்.

நீ படிச்ச புள்ள, ஒரு சின்னக் கணக்குச் சொல்லு. 2015 ஐப்பசி கார்த்திகையில கொட்டித் தீர்த்துச்சு, ஞாபகம் இருக்கா? மறு வருஷம், 2016ல, தமிழ்நாட்டுல வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைஞ்சுபோச்சு. 2017 ஜனவரியில எல்லா மாவட்டமும் வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சுச்சு. இப்ப, நீங்க 2016ல விதை குடுத்திருந்தா, முந்தின வருஷத்தோட வச்சுப் பாக்குறவன் இந்த விதைதான் குடியைக் கெடுத்துச்சும்பான். 2016ல சும்மா இருந்துட்டு அடுத்த நல்ல மழைக்கு விதையை எறக்கியிருந்தா, இது தேவலோகத்து விதைம்பான். ரெண்டு ஆளும் விதையைப் பாக்கலை, வானத்துக்கு மார்க் போட்டுட்டுப் போயிருக்காங்க.

பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்துல இருந்து 2009ல வெளிவந்த அண்ணா 4, அதான் நீங்க குடுத்த நெல்லு, 100, 105 நாள்ல கதிர் முத்திரும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். புரட்டாசியில புழுதியில விதைச்சுட்டு வானத்தைப் பாத்து உக்காந்திருக்கிற எங்களுக்கு நாள் குறைஞ்சதே பெரிய தயவு. ஆனா அது தாங்குற வறட்சி எதுன்னு விவரமாக் கேளு. மழை ஒழுங்காப் பெய்ஞ்சா, வீட்டுல பானையில கிடந்த பழைய நெல்லும் வெளையும், இதுவும் வெளையும். பெருசா வித்தியாசம் தெரியாது. மழையே இல்லைன்னா ரெண்டும் கருகிரும், அப்பவும் வித்தியாசம் தெரியாது. நடுவுல ஒரு வறட்சி இருக்கு. முளைச்சு வந்துரும், தூர் கட்டும், பொதி தள்ளுற நேரத்துல வானம் ரெண்டு மூணு வாரம் முகத்தைத் திருப்பிக்கும். அந்த வருஷத்துலதான் இந்த விதை தன் பேரைக் காப்பாத்தும். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருஷத்துக்கு 827 மில்லிமீட்டர் மழைன்னு எழுதி வச்சிருக்காங்க. எழுதினவரு அது எந்த வாரத்துல பெய்யணும்னு மழைகிட்டச் சொல்லாம விட்டுட்டாரு.

அதனால ஒரு வருஷம் வந்து பாத்துட்டு ‘பலன் உண்டு’ன்னு எழுதுறதும் ஒண்ணுதான், ‘இல்லை’ன்னு எழுதுறதும் ஒண்ணுதான். நாலஞ்சு வெள்ளாமைக்கு வரணும். உங்க திட்டம் மூணு வருஷத்துல முடிஞ்சுரும்கிற? அப்ப அந்த நடுத்தர வறட்சியைச் சட்டுன்னு வரச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு கடுதாசி போட்டு வை.

முழு வறட்சிக்கு விதை ஆகாதுன்னுதான் ஆப்பிரிக்காவுல, மொசாம்பிக், தான்சானியா பக்கம், வறட்சி தாங்குற மக்காச்சோளத்தோட காப்பீட்டையும் கட்டிக் குடுத்துப் பாத்திருக்காங்க. விதை தாங்குற மட்டும் விதை, அதுக்கு மேல காசு. என் பேரன் செல்லுல வாசிச்சுச் சொன்னான். உருப்படியான யோசனை.

அவன் சொன்ன இன்னொண்ணு என் மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டிருக்கு. ஒடிசாவுல 128 ஊரை எடுத்து, குலுக்கல் போட்டு 64 ஊருக்கு ஸ்வர்ணா சப்-1ங்கிற நெல்லு குடுத்திருக்காங்க. அது வெள்ளம் தாங்குற நெல்லு, நம்ம கதைக்கு நேர் எதிர். இருந்தாலும் கேளு. குலுக்கல் போட்டதால ரோட்டோரத்து போர்க்காரருக்கு மட்டும் விதை போகலை. அதுவே பாதி நியாயம். வெள்ளம் வந்தாலும் பயிர் நிக்கும்னு தைரியம் வந்ததும், வெறுமனே விதைச்சுக்கிட்டு இருந்தவன் நாத்து நட்டிருக்கான், உரம் கூடப் போட்டிருக்கான், பரப்பையும் கூட்டியிருக்கான். வெள்ளமே வராத வருஷத்துலயும் அதனால மகசூல் ஏறியிருக்கு. பயந்தவன் வயல்ல காசு போட மாட்டான் தாயி. நான் நாப்பது வருஷமா அரை மனசோடதான் யூரியா வாங்குறேன். உன் தாள்ல அதுக்குக் கேள்வி இருக்கா? ‘மகசூல் எவ்வளவு’ன்னு இருக்கு. ‘விதை வந்த பெறகு வேற என்னத்தைத் துணிஞ்சு செஞ்ச’ன்னு இல்லை. சின்னவன் கரிமூட்டத்துக்குப் போகாம வயல்ல நின்னானா, நகை அடகுக்குப் போகாம வீட்டுல கிடந்துச்சான்னும் இல்லை.

அந்த ஒடிசாவுலயே பள்ளத்து நெலம் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சனங்க கையில இருந்ததால, வெள்ளம் தாங்குற நெல்லு அவங்களுக்குத்தான் கூடுதலா ஒதவியிருக்கு. இங்க அதைத் திருப்பிப் போட்டுப் பாரு. கண்மாய் மடையை ஒட்டின வயல் யாருது, கடைமடை யாருது? எங்க ஊருல யாரும் அதை வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. நீயா நடந்து போயிப் பாரு. தண்ணி கடைசியா வந்து முதல்ல வத்துற இடத்துல விதை போய்ச் சேந்துச்சான்னு கேட்டா, உன் ரிப்போர்ட்டு அச்சாகாமலே போனாலும் போகும்.

ஒப்பிட்டுப் பாக்க விதை குடுக்காத ஊரா ஒண்ணு வச்சிருக்கீங்களாமே, எந்த ஊரு? அட, அங்கதான் என் மகளைக் கட்டிக் குடுத்திருக்கு. போன ஆடிக்குச் சீரோட சீரா ஒரு மூட்டை அண்ணா 4 அனுப்புனேன். மாப்பிள்ளை அதை வெதைச்சு ஊருக்கே பங்கு வச்சுட்டாரு. உங்க கணக்குல அந்த ஊரு விதை பாக்காத ஊரு.

அதுவும் அண்ணா 4தானான்னு என்னைக் கேட்டா, சாக்குல அப்படித்தான் போட்டிருந்துச்சு. களத்துல வேற நெல்லு கலந்திருந்தா நான் என்ன கண்டேன்? இப்பல்லாம் இலையைக் கிள்ளிக்கிட்டுப் போயி டி.என்.ஏ. பாத்து, இது இன்ன ரகம்னு சொல்லிர்றாங்களாமே. நாலு இலை கிள்ளிக்கிட்டுப் போ, ஆடு தின்னதா நெனைச்சுக்கிறேன்.

என்ன, பேனா நின்னுபோச்சு? முதல் கேள்வி ‘குடும்பத் தலைவர்’னுதானே போட்டிருக்கு, என் பேரை எழுதிக்க. ஆனா விதைப்பானை என் வீட்டுக்காரி கையில. எது வெதைக்குறது, எதைச் சோத்துக்கு வைக்கிறதுன்னு அவதான் சொல்லுவா. ‘அண்ணா வெளையுது, ஆனா வியாபாரி ஆர்.என்.ஆர். நெல்லுக்குத்தான் முகம் மலர்றான்’னு போன வருஷம் பாதிக்குப் பாதி பிரிச்சுப் போடச் சொன்னவ அவ. ஏன் திட்டத்து விதையை முழுசாப் போடலைன்னு நீ கேக்கப்போற பாரு, அந்தப் பதினோராவது கேள்வி, அதுக்கு என்கிட்டப் பதில் கிடையாது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருக்கா, பொழுது சாய வருவா. அதுவரைக்கும் சும்மா எதுக்கு உக்காந்திருக்க? குடையை எடு, கடைமடைக்கு ஒரு நடை போயிட்டு வருவோம். செருப்பு தடிமனாத்தானே போட்டிருக்க? முள்ளுக் காடு.