சைட் ஆடுகிறதா? முறையாகப் பதறுவது எப்படி

அமெரிக்காவில் ஏ.ஆர்-15 துப்பாக்கி வாங்குகிறவர் அதன் தலையில் ஒரு ரெட் டாட்டை, அதாவது குறிபார்க்கப் பேட்டரியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட்டை, மாட்டுவார். அது எப்போதாவது காலை வாரிவிட்டால் என்ன செய்வது என்று, கூடவே ஒரு மடக்கு சைட்டையும் மாட்டுவார். அதன் பெயர் பேக்கப் அயர்ன் சைட். பெட்டியைப் பிரித்த அன்றே அதைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ, ஆடுதே!" என்று அலறுகிறவரும் அவரேதான். நீங்களும் அலறியிருப்பீர்கள். அலறியதில் தப்பில்லை, ஆனால் அதில் ஒரு ஒழுங்கு இல்லை. அதைச் சரிசெய்யத்தான் இந்தப் பயிற்சி.

தொடங்கும் முன் மேகசினைக் கழற்றுங்கள். சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இந்த ஒரு பத்தியை மட்டும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. கட்டைவிரலை நீதிபதியாக்குங்கள். சைட்டை நிமிர்த்தி, பலம்கொண்ட மட்டும் நெட்டுங்கள். துப்பாக்கி சுடும்போது அந்தப் பக்கத்திலிருந்து யாரும் அதை நெட்டப் போவதில்லை என்று மனம் சொல்லும். மனத்தை அடக்குங்கள். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறதா என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள். கொண்டுவந்துவிட்டால் பாதிக் கவலை அங்கேயே போய்விடும்.

2. எது ஆடுகிறது என்று விசாரிக்காதீர்கள். சைட்டில் ஆடக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, நிமிரும் இலை தன் கீலில் ஆடுவது. மற்றொன்று, அடிப்பாகம் துப்பாக்கியின் மேலுள்ள ரெயிலில் ஆடுவது. முதலாவது மடங்கும் பொருளின் பிறவிக்குணம். கீலின் பின்னுக்கும் அதன் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளியாவது இல்லாவிட்டால் இலை மடங்கவே மடங்காது. 1960களின் எம்-16 துப்பாக்கியில் இந்தத் தொல்லை கிடையாது. அதன் பின்புற சைட் மேலிருந்த கைப்பிடிக்குள்ளேயே நிலையாக இருந்தது. பிறகு கைப்பிடியை எடுத்துவிட்டுத் தட்டையான ரெயிலைக் கொடுத்தார்கள். கீல் வந்தது, கூடவே உங்கள் கவலையும் வந்தது. இரண்டாவது வகை ஆட்டம் நிஜமான கோளாறு. ஆகவே இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "மொத்தமா ஆடுது" என்று சொல்லிப் பழகுங்கள்.

அடிப்பாகமும் ரெயிலும் சேரும் இடத்தில் பெயின்ட் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டால், நகர்ந்ததா இல்லையா என்பது மறுமுறை பார்த்த உடனே தெரிந்துவிடும். அந்தப் பேனாவை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

3. திசையைக் கண்டுகொள்ளாதீர்கள். முன்பின்னாக ஆடுவதும் இடவலமாக ஆடுவதும் ஒன்றே என்று நம்புங்கள். இலை ஒரு மில்லிமீட்டர் முன்னே சாய்ந்தாலும் குறிபார்க்கும் துளையின் உயரம் அநேகமாக மாறாது. நூறு மீட்டரில் அது சில மில்லிமீட்டர் வித்தியாசம், அவ்வளவே. இடவலமாக ஆடுவதுதான் குண்டை நகர்த்தும். இருந்தும் முன்பின் ஆட்டத்தை நினைத்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அதுதான் பெரிதாகத் தெரியும்.

4. கணக்குப் போடாதீர்கள். போட்டால் இப்படி ஆகிவிடும்: முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 400 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சைட் 0.1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் 100 மீட்டரில் குண்டு 25 மி.மீ. தள்ளி விழும். 0.2 மி.மீ. என்றால் 50 மி.மீ. அதுவே 300 மீட்டரில் 150 மி.மீ. அதாவது, ஆட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்தால் குண்டு எவ்வளவு தள்ளும் என்பதும் தெரிந்துவிடும். அப்புறம் பதற என்ன இருக்கிறது? இன்னொரு சங்கடமும் உண்டு. இரும்பு சைட்டை வைத்து 100 மீட்டரில் நீங்கள் சுடும் ஐந்து குண்டுகள் ஊத்தப்பம் அகலத்துக்குப் பரவுகின்றன. அதற்குள் 25 மி.மீ.யைத் தேடுவது யாருக்கும் கௌரவமாக இராது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்களுக்குக் கூடமாவது கிடைத்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

5. செல்போனில் வீடியோ எடுங்கள். கேமராவைச் சைட்டுக்கு மூன்று விரற்கடை தூரத்தில் பிடித்து, பெரிதாக்கி, விளக்கைச் சாய்வாக வைத்து எடுத்தால் 0.1 மி.மீ. ஆட்டம் நிலநடுக்கம்போல் பதிவாகும். அளவுகோலைப் படத்துக்குள் வர விடாதீர்கள்.

6. அந்த வீடியோவை நாலு பேருக்குக் காட்டி, "இது நார்மலா?" என்று கேளுங்கள். ஒருவர் "எல்லாமே இப்படித்தான் ஆடும்" என்பார். இன்னொருவர் "என்னுடையது பாறை மாதிரி நிற்கும்" என்பார். இரண்டாமவர் தன்னுடையதைக் கடைசியாக எப்போது நிமிர்த்தினார் என்று கேட்காதீர்கள். அவர் முகத்தைக் கெடுப்பானேன்.

7. முறுக்குங்கள். இதுவே இந்தப் பயிற்சியின் உயிர். ஆட்டம் கீலில்தான் இருக்கிறது என்றாலும் அடிப்பாகத்தின் ஸ்க்ரூவைப் போட்டு முறுக்குங்கள். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் அச்சடித்துக் கொடுத்த தாள் பெட்டியிலேயே இருக்கட்டும். டார்க் ரெஞ்ச் கோழைகளுக்கு. பாலிமர் சைட்டாக இருந்தால் "கிரீச்" என்று ஒரு சத்தம் வரும் வரை நிறுத்தாதீர்கள். வந்தபின் நிறுத்துவதற்கு ஒன்றும் இருக்காது.

முறுக்கும் முன் சைட்டைப் பின்பக்கமாக, தோள் இருக்கும் பக்கமாக, இழுத்துப் பிடிப்பது முக்கியம். பிக்காட்டினி என்ற அந்த ரெயிலின் பள்ளம் 5.23 மி.மீ. அகலம். அதில் உட்காரும் சைட்டின் குறுக்குக் கம்பி அதைவிடக் கொஞ்சம் சிறியதாகத்தான் இருக்கும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், சைட் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். ஆகவே ரெயிலில் அது முன்னால் தள்ளப்படும். விவரம் தெரிந்தவர்கள் முதலிலேயே முன்பக்கமாகத் தள்ளி வைத்து முறுக்குகிறார்கள், நகர இடமே இல்லாமல். நீங்கள் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். 1995இல் அமெரிக்க ராணுவம் இந்த ரெயிலுக்கு அளவு வகுத்தபோது உங்களை எதிர்பார்த்திருக்காது.

8. சிவப்புப் பசை, அதாவது ஸ்க்ரூ தளராமல் பூட்டும் பசை. நீலப் பசை போட்ட ஸ்க்ரூவைச் சாதாரணக் கருவியால் கழற்றிவிடலாம், அதில் என்ன பெருமை? சிவப்பை எடுத்து நேராகக் கீலிலேயே ஊற்றுங்கள். மறுநாள் ஆட்டம் அறவே நின்றிருக்கும். மடங்குவதும் நின்றிருக்கும். மடக்கு சைட்டின் விலையில் நிலையான சைட் ஒன்று கிடைத்துவிட்டது. கழற்ற வேண்டுமென்றால் 250 டிகிரி செல்சியஸ் சூடு போதும். பிளாஸ்டிக் அதைத் தாங்காது என்பது பிளாஸ்டிக்கின் பிரச்சினை.

9. முன் சைட்டைத் தப்பான இடத்தில் மாட்டுங்கள். குழல் மேலுள்ள கேஸ் பிளாக் நல்ல இடம். சுடச்சுட அடுப்பாகக் காயும், பாலிமர் சைட்டை அங்கே வைக்க வேண்டாம் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். அதற்கு மனம் வராவிட்டால், கையால் அழுத்தினாலே வளைகிற மெல்லிய ஹேண்ட்கார்டின் நுனியில் மாட்டிவிட்டு, எல்லாப் பழியையும் பின் சைட்டின் மேல் போடுங்கள்.

10. ரெட் டாட் வழியாகப் பார்க்காதீர்கள். இரண்டையும் ஜீரோ செய்திருந்தால், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்திருந்தால், சைட்டை நிமிர்த்திப் பார்க்கையில் சிவப்புப் புள்ளி முன் சைட்டின் நுனியில் வந்து உட்காரும். மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்திப் பார்த்தும் அங்கேயே உட்கார்ந்தால் விஷயம் முடிந்தது. இவ்வளவு தூரம் வளர்த்த விஷயத்தை அரை நிமிடத்தில் முடிக்கலாமா?

11. இலக்குக் காகிதத்தை அண்டவிடாதீர்கள். மேசையில் மணல் மூட்டை வைத்து, துப்பாக்கியை அதன் மேல் சாய்த்து, இலையை இடப்பக்கம் ஒதுக்கி ஐந்து குண்டு, வலப்பக்கம் ஒதுக்கி ஐந்து குண்டு. இரண்டு கூட்டமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் ஆட்டம் இயல்பானது. தனித்தனியாக விழுந்தால் திருப்பி அனுப்ப வேண்டியது. இதைச் செய்தே தீர வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், நின்றுகொண்டே சுடுங்கள். முதல் ஐந்துக்கு ஒரு கம்பெனிக் குண்டு, அடுத்த ஐந்துக்கு வேறு கம்பெனிக் குண்டு. காற்றடிக்கும் நாளாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது.

12. திருப்பி அனுப்புங்கள். சிவப்புப் பசையோடு, ஸ்க்ரூ இல்லாமல், "ஆடுது" என்று ஒரே வரி எழுதி. எந்தத் திசையில், எவ்வளவு, எத்தனை குண்டுக்குப் பிறகு என்றெல்லாம் எழுதினால் அவர்கள் பதில் சொல்லித் தொலைத்துவிடுவார்கள்.

13. அது வரும்வரை சும்மா இராமல், இரண்டு மடங்கு விலையில் எஃகு சைட் ஒன்று வாங்குங்கள். அதிலும் கீல் இருக்கும், அதை வாங்கிய பிறகு கவனித்தால் போதும். ரெட் டாட்டைப் பொறுத்தவரை, சில மாடல்கள் ஒரே பேட்டரியில் 80,000 மணி நேரம் எரியும் என்கிறார்கள். ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை காலமும் புது சைட் மடங்கியேதான் கிடக்கும். மடங்கிய நிலையிலும் ஆடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஆடும்.