தாம்பரம் மின்ரயிலும் சீந்துவாரற்ற கேசட்டும்: ஓர் ஆய்வு

கேட்பாரற்றுப் போன இசைத்தொகுப்பை மீட்டெடுக்கத் தோதான இடம் தாம்பரம்–கடற்கரை மின்ரயில் ஒன்றே என்பது இக்கட்டுரையின் துணிபு. சான்று, ‘செட் மீ ஃப்ரீ’. ‘ரோஜா’ (1992) வந்து ஏ.ஆர். ரஹ்மானை ஊரறியச் செய்வதற்கு முன், மால்குடி சுபா பாட, அவர் இசையமைத்த ஆங்கிலத் தொகுப்பு அது. நெமசிஸ் அவென்யூ என்ற சென்னை ராக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரின் கைவண்ணம். இருந்தும் வந்தபோது சீந்துவாரில்லை. சினிமாப் பாட்டு டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் தானாகக் காதில் விழும். இதற்கு அந்த வழிகளெல்லாம் அடைப்பு. ஆங்கிலப் பாட்டுப் பிரியர்களோ அட்டையில் அயல்நாட்டுப் பெயரைத் தேடினார்கள். மெட்டை நம்பி நிற்கும் இசை முதல் தடவையில் பிடிபடாது, மூன்றாம் தடவைதான் பல்லவி நாக்கில் ஒட்டும். எனவே அதற்கு வேண்டியவை இரண்டு: கலையாத ஒரு மணி நேரம், தப்பியோட முடியாத ஒரு காது.

இரண்டையும் ஒரே சீட்டில் தருவது 1931இல் மின்மயமான இப்பாதை. 18 நிலையங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். கோடம்பாக்கத்தில் ஏறி எழும்பூரில் இறங்குபவருக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வாய்க்காது. (ரஹ்மானின் ஒலிப்பதிவுக்கூடம் அதே கோடம்பாக்கத்தில்தான் இருக்கிறது, விளக்கடியில் இருட்டு.) தாம்பரத்தாருக்குக் கிண்டி வரும்போதே பாதித் தொகுப்பு முடிந்திருக்கும். புறநகரில் வீடு கட்டியதன் ஒரே கலைப்பயன் இதுவாகவும் இருக்கலாம்.

பரபக்கத்தார் சும்மா இருப்பார்களா? கைபேசியில் விரல் பட்டால் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடலாமே என்பார்கள். எந்த விரல்? குரோம்பேட்டைக் கூட்டம் ஏறியபின் ஒரு கை மேலே கைப்பிடியில், மறு கை சாப்பாட்டுப் பையில். தாம்பரத்தில் புறப்படும் வண்டியில் உட்கார இடம் கிடைக்குமே என்றால், உட்கார்ந்தவர் மடியில் நிற்பவர்களின் பைகள் வந்து சேரும், விடை மாறாது. ரஹ்மானின் பிற்காலப் புகழால்தான் இதைத் தேடுகிறார்கள் என்ற மறுப்பு மட்டும் கனமானது. ஒப்புக்கொள்கிறோம். ஆனால் புகழ் அட்டையைத் திறக்க வைக்கும், மீனம்பாக்கம் தாண்டியும் கேட்க வைக்காது. இது ராக் அல்ல, பாப் என்று சாதிப்போர் உண்டு. ராக் குழுவில் பழகிய கை எந்தப் பாட்டில் தலைகாட்டுகிறது என்று தேடுவதற்கும் அதே ஒரு மணி நேரம் வேண்டும். தலைப்பு விடுதலை கேட்கிறது. கேட்பவர் நெரிசலில் சிறைப்பட்டிருக்கிறார். இப்பொருத்தத்தை வேறெந்த அரங்கமும் தராது.

ஐயமுள்ளோர் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்தில் ஏறிச் சோதிக்கலாம். பழவந்தாங்கல் வரும்வரை கைப்பிடியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.