எஞ்சுபுல் ஆராய்ச்சி

அமெரிக்கப் புறநகர்களில் சனிக்கிழமை காலை, ஏறி ஓட்டும் புல்வெட்டி கடந்துபோன பின்னும், நடுவே ஒரு வரிப் புல் தலைநிமிர்ந்து நிற்கக் காணலாம். இதனை ஆய்வாளர் ‘எஞ்சுபுல்’ என்பர் (ஆய்வாளர் என்றது அடியேனை). இது எஞ்சுவதேன் என்பதில் கட்சிபேதம் உண்டு.

அலகு மழுங்கியதே காரணம் என்பர் கூர்மைவாதிகள். மழுங்கிய அலகு புல்லை வெட்டாது, கிழிக்கும்; இரண்டொரு நாளில் நுனி வெளுத்துப் பழுப்பேறும். சான்று சரிதான். ஆயின் அரம்போட்டுத் தீட்டிய பின்னும் எஞ்சுகிறதே எனின், அலகின் நடுத்துளையை ஆணியில் மாட்டி, சாயும் பக்கத்தை இன்னும் தீட்டுக என்று பேச்சை மாற்றுவர்.

டயர்வாதிகளோ அளவுநாடாவும் கையுமாகத் தரையில் தவழ்பவர்கள். ஒரு டயரில் காற்று இறங்கினால் வெட்டுத்தட்டு சாய்ந்து, புல்வெளி ஒருபக்கம் மொட்டை, மறுபக்கம் கிராப்பு என்றாகும். இதை மறுப்பாரில்லை, எஞ்சுபுல்லுக்கு மட்டும் இது விடையாகாது.

எம் கட்சி காற்றுவாதம். 1830இல் இங்கிலாந்தின் எட்வின் படிங் கண்ட பொறி, ஆலையில் துணிப்பிசிறு சீவும் எந்திரத்தைப் பார்த்துச் செய்தது; உருளை அலகுக்கும் நிலை அலகுக்கும் இடையே புல்லைக் கவ்வி நறுக்கியது. ஏறி ஓட்டும் பொறியில் கவ்வ ஏதுமில்லை. தட்டுக்குள் கிடையாகச் சுழலும் அலகின் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். அது காற்றை மேலே இழுக்க, டயர் மிதித்த புல்லும் எழும், எழுந்ததே வெட்டுப்படும். தட்டின் அடியில் ஈரப்புல் அப்பிக் கிடந்தாலும், எஞ்சினை முழுவேகத்தில் விடாவிட்டாலும் காற்று குன்றும். அலகைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு அரத்தை வையும் கூர்மைவாதிகளைப் பற்றி இங்கே பேசோம்.

முழுவேகத்திலும் எஞ்சுவதேன்? எஞ்சின் வேகம் வேறு, வண்டி வேகம் வேறு. அலகு நிமிடத்துக்கு 3000 சுற்று சுழன்றாலும், மணிக்கு 5 மைல் ஓடும் வண்டி ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் சுமார் 4.5 செ.மீ. முன்னேறிவிடுகிறது. தள்ளிக்கொண்டு நடப்பவர் அவசரப்பட்டால் கால் வலிக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் வலிப்பதில்லை, ஆகவே விரட்டுகிறார். மூலகாரணம் இருக்கையே என நிறுவப்பட்டது. அதன் மெத்தையைக் கழற்றிவிடுதல் வெட்டுத்திறனைக் கூட்டும்.

புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டலாகாது என்னும் விதி, விடுமுறைக்கு ஊர்போய்த் திரும்பியவர்களுக்கானது. அவர்களைக் குறித்துத் தனிநூல் செய்யவிருக்கிறோம்.